முதுகெலும்பு சி.டி.யும் கதிர்ச் சிக்கனமும்

ஸ்கேன் சென்டர் விளம்பரங்களில் ‘குறைந்த கதிர்வீச்சு’ என்னும் சொற்கள் இப்போது பெருமையோடு இடம்பெறுகின்றன. அதில் ஆட்சேபிக்க ஏதுமில்லை. ஆனால் அந்தப் பெருமையை ஆதாரமாகக் கொண்டு, “கதிர்தான் குறைந்துவிட்டதே, முதுகுவலி என்று வருகிறவருக்கு ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துவிடுவதில் என்ன குற்றம்?” என்று மருத்துவ வட்டாரத்திலேயே ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அந்தச் சமாதானம் எனக்குச் சம்மதமில்லை.

கருவியின் சாமர்த்தியத்தைக் குறைத்துப் பேசுவது என் எண்ணமன்று. உடலின் பருமனுக்கேற்பக் குழாயின் மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும், 120 கிலோவோல்ட் என்ற பழைய வழக்கத்தை மெலிந்த உடலுக்கு 100 ஆகத் தாழ்த்தும் துணிவும், குறைந்த கதிரில் எடுத்த படத்தின் புள்ளிப் புள்ளியான கலக்கத்தைக் கணக்கீட்டால் துடைத்தெடுக்கும் புதிய முறைகளும் உண்மையான முன்னேற்றங்களே. தனி மனிதருக்கு ஒரு ஸ்கேனால் நேரும் அபாயம் சொற்பம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலின் கதிர்வீச்சிலேயே தலைமுறைகளாக வாழ்கிற மக்களிடம் புற்றுநோய் மிகுந்திருப்பதாக ஆராய்ச்சியாளர் காணவில்லை என்பதும் தெரிந்த விஷயந்தான். இருந்தபோதிலும், இடுப்புப் பகுதியை எடுக்கும்போது குழந்தை பெறும் வயதுப் பெண்ணின் சூலகமும் அந்தக் கதிரின் வழியிலேயே இருக்கிறது என்பதை மறப்பதற்கில்லை.

‘குறைந்த’ என்றால் எதைவிடக் குறைந்த என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தமிழ்நாட்டில் 127 சி.டி. கருவிகளின் கதிரளவை நேரில் அளந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த லிவிங்ஸ்டனும் தினகரனும் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே உறுப்பைப் படமெடுக்க மையத்துக்கு மையம் கதிரளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டி, மார்பு, வயிறு, இடுப்புக்கூடு ஆகிய மூன்றுக்கும் அவர்கள் ஒப்பீட்டு அளவுகளை வகுத்தார்கள். முதுகெலும்பு அந்த மூன்றில் சேரவில்லை. ஒப்பிடுவதற்கு ஓர் அளவைச் சொல்லாமல் ‘நாற்பது சதவிகிதம் குறைவு’ என்று விளம்பரம் செய்வது வியாபாரத்துக்கு உதவலாம். நோயாளிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இவையெல்லாம் சிறு குறைகள். நெடுநாளாக என் மனத்தை உறுத்துவது ஸ்கேன் அறைக்கு வெளியே, மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இருக்கிறது. ‘எல்.எஸ். ஸ்பைன் சி.டி.; எல்.பி.ஏ.’ என்று ஒற்றை வரியில் அது முடிந்துவிடும். எல்.எஸ். ஸ்பைன் என்பது இடுப்புப் பகுதி முதுகெலும்பு; எல்.பி.ஏ. என்பது இடுப்புவலி, நோயாளி வாய்திறந்து சொன்ன அதே சங்கதி. மருத்துவர் என்ன சந்தேகிக்கிறார், எதைத் தேடச் சொல்கிறார் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. இத்தனைக்கும் கதிரைக் குறைப்பது அந்தக் கேள்வியைத்தான் நம்பியிருக்கிறது. மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் கதிர் பாதியாகும்; படத்தின் கலக்கமோ ஏறத்தாழ 1.4 மடங்காகும். முறிந்த எலும்பைத் தேடுகிறவருக்கு அந்தக் கலக்கம் பெரிய இடைஞ்சல் அன்று, எலும்பு தன் வெண்மையால் தனித்துத் தெரியும். ஜவ்வு நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்கிறவருக்கோ, ஜவ்வுக்கும் நரம்புறைக்கும் உள்ள சொற்ப நிறவேற்றுமையை அதே கலக்கம் விழுங்கிவிடும். கேள்வி தெரியாத டெக்னீஷியன் எந்த அளவைத் தேர்ந்தெடுப்பார்? ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று மிகுதியாக வைப்பார். அல்லது குறைவாக வைத்து, படம் தெளிவில்லை என்று மறுபடியும் எடுப்பார். பாதிக் கதிரில் இருமுறை எடுத்தால் மிச்சமாவது எவ்வளவு என்பதைச் சிறுவனும் சொல்வான்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண்ணைப் பிசைந்து தூக்குகிறவருக்கும், பொம்மைகளையும் ஃபியூஸ் கேரியர்களையும் சூளையில் குனிந்து அடுக்கி நிமிர்கிறவருக்கும் முதுகு வலிக்காதிருந்தால்தான் அதிசயம். பத்து நாள் வலியோடு அப்படி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலில் பலக்குறைவு இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, விழவும் இல்லை. அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை முட்டி மடங்காமல் தூக்கிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். சீட்டு எழுதுவதற்கு அரை நிமிஷம் போதும். அரை நிமிஷமே ஜெயிக்கிறது. இடுப்பு சி.டி.க்குச் சராசரியாகச் சொல்லப்படும் ஆறு மில்லிசீவர்ட்டை, இயற்கையிலிருந்து ஒரு மனிதர் இரண்டரை ஆண்டில் பெறும் அளவை, நல்ல கருவி மூன்றாகக் குறைத்தது என்றே கொள்வோம். அந்த மூன்று எதற்காக? எரிபொருளை மிச்சம்பிடித்து, யாரும் கேட்காத பொம்மைகளைச் சூளையில் சுட்டு அடுக்குகிற முதலாளி அதைச் சிக்கனம் என்று கணக்கெழுதுவாரா?

கடுமையான நோய்க்குறி எதுவும் இல்லாத இடுப்புவலிக்கு உடனே படமெடுப்பதால் வலியிலோ நடமாட்டத்திலோ எந்த நன்மையும் விளையவில்லை என்று, ஆறு சோதனைகளைத் தொகுத்து ரோஜர் சௌவும் அவர் துணைவரும் லான்செட் இதழில் 2009இலேயே எழுதிவிட்டார்கள். 2015இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, வலியே இல்லாதவர்களில் இருபது வயதினரிடம் 37 சதவிகிதத்தினருக்கும் எண்பது வயதினரிடம் 96 சதவிகிதத்தினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் படத்தில் தெரிவதைக் காட்டியது. ஆகவே நம் தொழிலாளியின் ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வருவது பெரும்பாலும் அவருடைய வயதைத்தான் சொல்கிறது. அவரோ ‘ஜவ்வு விலகிப்போச்சு’ என்று வீட்டில் சொல்லி, குனிய அஞ்சி, ஃபிலிம் கவரைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மருத்துவரைத் தேடிப் போகிறார். அந்த மருத்துவர் புதிதாக ஒரு ஸ்கேன் எழுதுகிறார். இந்தப் பயத்துக்கு மில்லிசீவர்ட்டில் அளவு கிடையாது, எந்தக் கருவியாலும் அதைக் குறைக்கவும் முடியாது.

நோயாளிகளே ஸ்கேன் வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள் என்பது மருத்துவர்களின் பதில். வற்புறுத்துகிறார்கள்தான். அவர்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதை மட்டும் அந்தப் பதில் சொல்வதில்லை. கேட்டதையெல்லாம் எழுதித் தருவதற்கு மருத்துவப் படிப்பு எதற்கு என்று கேட்டால் கோபம் வருகிறது, வரட்டும்.

கதிரைக் குறைக்க விரும்பும் மையங்கள், கேள்வி எழுதாத சீட்டைத் திருப்பி அனுப்பவும், நோயாளி பெற்ற கதிரளவை ரிப்போர்ட்டிலேயே அச்சிடவும் முன்வர வேண்டும். இரண்டுக்கும் புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முதுகுவலிக்காரர்களும் சீட்டை வாங்குமுன், “இந்தப் படத்தில் என்ன தெரிந்தால் என் வைத்தியம் மாறும், டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ மட்டும் கேள்வி கேட்டு நேரத்தைப் போக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.