கழற்றலாமா, கூடாதா?

எஹலியகொடையில் பழைய இரும்புக்கு முதல் எதிரி மழை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், இரத்தினபுரி மாவட்டத்தின் இந்த ஈரப் பக்கத்தில், இரண்டு கிழமை எண்ணெய் காணாத கத்தியே துருவேறிவிடும். ஒரு பழைய படைத் துப்பாக்கியின் சிறு உறுப்புகளைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டலாமா என்ற கேள்வியை இந்த ஈரத்தை மறந்துவிட்டு எடைபோட முடியாது. இலண்டனில் குளிரூட்டிய அறையில் இருக்கும் துப்பாக்கிக்குச் சொன்ன பதில் நமக்கு அப்படியே பொருந்தாது.

நான் எடுத்துக்கொள்வது .303 லீ-என்ஃபீல்ட். அதன் மூன்றாம் மாதிரி 1907இல் வந்தது. 1900இல் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரை மட்டும் சேர்த்து அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினர் 1914இல் எகிப்துக்கும் பிறகு கலிப்போலிக்கும் போன காலம் இந்தத் துப்பாக்கியின் காலம். அந்தப் படை 1949இல் கலைந்தது. துப்பாக்கியின் ஆயுள் அதைவிட நீண்டது. மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆலை சுதந்திரத்துக்குப் பிறகும் அதைச் செய்துகொண்டிருந்தது. உத்தரப்பிரதேச பொலிஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020இல்தான். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமின்றி இதை யாரும் வைத்திருக்க முடியாது. ஆகவே இங்கே பேசுவது அருங்காட்சியகங்களையும் அரசுக் களஞ்சியங்களையும் மனத்தில் வைத்து.

தொடவே கூடாது என்பவர்களின் வாதத்தில் உயிர் இருக்கிறது. தோளில் அணையும் பிடங்கைக் கழலாமல் பிடித்திருப்பது உள்ளே ஓடும் ஒரு நீண்ட ஆணி. அதன் முன்முனை சதுரமாக வெட்டப்பட்டு, குழலைத் தாங்கும் முன்கட்டையின் பின்புறத்தில் பதித்த ஒரு சிறு தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். சுடும் அதிர்வில் ஆணி தானாகத் தளராமலிருக்க அந்த ஏற்பாடு. இது தெரியாதவர் பிடங்கின் அடித்தகட்டு மூடியைத் திறந்து, நீளமான ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருப்பினால், சதுர முனை சுழன்று முன்கட்டையை உள்ளிருந்தே பிளந்துவிடும். வெளியே ஒரு சிறு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். நூறு வருடம் தாங்கிய மரம் ஒரு கால் சுற்றில் போய்விடும். முதலில் முன்கட்டை, அப்புறம்தான் பிடங்கு என்ற ஒழுங்கைத் துப்பாக்கியே சொல்லித் தராது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

ஸ்குரூ ஆணிகளும் அப்படித்தான். அவற்றின் தலையில் வெட்டிய பிளவு ஒடுக்கமானது, இரு சுவரும் நேரானவை. நம் கடைகளில் விற்கும் ஸ்குரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால், அழுத்தித் திருப்பும்போது மேலே ஏறி நழுவிப் பிளவின் உதட்டைக் கிழிக்கும். என்ஃபீல்ட் தனக்கென்று வைத்திருந்த புரிக்கு ஹாட்வெயார் கடை ஆணி பொருந்தாது. பொருந்தாததை முறுக்கி ஏற்றினால், கெட்டுப்போவது ஆணி மட்டுமல்ல, அது ஏறும் துப்பாக்கியின் இரும்பு உடலும்தான். முன்கட்டையை அடிக்கடி கழற்றினால் வேறொரு சேதமும் உண்டு. சுடும் உதைப்பைத் தாங்கும் உட்பக்க மரமுகங்கள் நசுங்கி, உடலுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி விழும். அதன் பிறகு குறி பிசகும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்பும், 'தொடாதே' என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் அந்தக் கட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. குழல் வாயிலிருந்து வெளித்தெரியும் இரும்பு வரை எண்ணெய் பூசிப் பளபளப்பாக வைத்திருக்கலாம். மரத்துக்கும் குழலுக்கும் இடையே தேங்கிய ஈரம் யார் கண்ணுக்கும் படாமல் இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத் தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டி மருந்திலிருந்து படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். குழலுக்குக் கொதிநீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் அதனால்தான் வந்தது. ஊற்றிய நீரில் கொஞ்சம் கட்டைக்குள் இறங்கியிருந்தால்? எங்கள் சப்ரகமுவையின் ஈரத்தில் திறந்து பார்க்காமல் வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது. மெதுவாக அழிய விடுவதுதான்.

தாராளமாக மாற்றலாம் என்பவர்கள் வேறொரு வழியில் வருகிறார்கள். படையே இதை ஆயிரம் தடவை பிரித்துப் பூட்டியது, பழுதான உறுப்பை மாற்றியது, பிறகு நாம் மாற்றினால் என்ன என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. படை எப்படி மாற்றியது என்பதைப் பார்த்தால்தான் அது எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரியும். சிப்பாய்க்கு போல்ட்டையும் தோட்டாப் பெட்டியையும் எடுக்கத்தான் உரிமை. ஸ்குரூவைத் தொடக் கூடாது. மற்றதெல்லாம் ஆயுதக் கம்மியரின் வேலை. உடலில் அடித்த அதே எண் குழலிலும் போல்ட் கைப்பிடியிலும் மூக்குத் தகட்டிலும் இருக்கும். வேறு துப்பாக்கியின் உறுப்பைப் பூட்டினால் அதிலிருந்த எண்ணைக் கோடிட்டு அடித்து, புது எண்ணைப் பக்கத்தில் குத்துவார்கள். அடித்த கோட்டையும் மறைக்கவில்லை. இஷாப்பூர் ஆலை கட்டை பிளக்காமலிருக்கக் குறுக்கே ஏற்றிய ஸ்குரூ ஆணியை 'மூலத்தில் இல்லாதது' என்று பிடுங்கிப்போடும் தூய்மைவாதிகள் உண்டு. அவர்களுடைய வேலை எனக்குக் கோபமூட்டுகிறது. அந்த ஆணியும் வரலாறுதான். வெப்பமண்டலத்து மரம் எங்கே தோற்றது என்பதற்கு அதுவே சாட்சி.

சாட்சி என்று சும்மா சொல்லவில்லை. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் கொள்ளையடித்துப் போன லெவ்கே திசாவையின் பீரங்கி 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. இன்றைய கேகாலைப் பக்கத்தை ஆண்ட அந்தத் திசாவை 1745–46இல் அதை அரசருக்குக் கொடுத்தார் என்பதற்கு அதில் பொறித்த எழுத்தே ஆதாரம். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபின் முதல் அரசர் ஸ்ரீ விஜயராஜசிங்கனின் காலம் அது. இரண்டரை நூற்றாண்டில் யாராவது ஒருவர் 'புதுசாக்குகிறேன்' என்று அதை அராவியிருந்தால், உரிமை கேட்கும் குரலில் பாதி அடங்கியிருக்கும். .303 அவ்வளவு உயர்ந்த பொருளல்ல என்பார்கள். மலையகத்தாருக்கு அது எந்தப் பீரங்கியையும்விட நெருக்கமானது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் விழுந்ததிலிருந்து, துப்பாக்கி எங்கள் கதைக்குள் இருக்கிறது. எந்தக் களஞ்சியத்துக்கு எந்த எண் போனது என்று நாளை ஒருவர் தேடும்போது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த உடல் அவருக்கு எதையும் சொல்லாது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஈரநாட்டில் முன்கட்டையை ஒருமுறை திறக்கத்தான் வேண்டும். ஒழுங்கு தெரிந்தவர், பிளவுக்கு ஏற்ப அராவிய நுனியோடு, ஒவ்வொரு உறுப்பையும் கழற்றும்போதே படமெடுத்துக்கொண்டு திறக்க வேண்டும். துருவை எண்ணெயும் பருத்தித் துணியும் கொண்டு எடுக்கலாம். உப்புத்தாளும் புது நீலப் பூச்சும் வேண்டாம். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும், வார்னிஷ் கூடாது. உறுப்புகள் அவை இருந்த அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். பக்கத்தில் பிரித்து வைத்த இன்னொரு துப்பாக்கியின் போல்ட் கைதவறிக்கூட இதில் ஏறக் கூடாது. போல்ட் தலையும் குழலும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தியவை. மாறினால் எண்ணும் பொய்யாகும், உயிருக்கும் ஆபத்து.

உடைந்த ஆணிக்குப் புதியது வேண்டுமென்றால், எஹலியகொடையிலோ அவிசாவளையிலோ உள்ள லேத் பாஸ் அந்தப் புரியை வெட்டித் தருவார். அளவு காட்டினால் அவரால் முடியாததில்லை. அந்த ஆணியின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், செய்த ஆண்டைக் குத்திவிடச் சொல்லுங்கள். பழைய ஆணியை ஒரு துணிப்பையில் போட்டு, துப்பாக்கியின் எண்ணை எழுதி, அதோடேயே வையுங்கள்.