சுதந்தரமும் சுயாதீனமும்

2019 ஏப்ரல் 18 பெரிய வியாழன். தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலும் அன்றுதான். தேதியை மாற்றச் சொல்லிக் கிறிஸ்தவ அமைப்புகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன, மாறவில்லை. சித்திரைத் திருவிழாவை முன்னிட்டு மதுரைக்கு வாக்குப்பதிவில் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. நமக்கு அதுவும் இல்லை. எங்கள் ஓசூரில் சட்டமன்ற இடைத்தேர்தலும் அதே நாளில் வந்துவிட்டதால் ஆளுக்கு இரண்டு ஓட்டு.

மாலைப் பூசையில் பாதம் கழுவும் சடங்கு. பங்கிலிருந்து பன்னிரண்டு பேரை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் எனக்குத் தெரிந்தவர், வார்ப்பட ஆலையொன்றில் வேலை. வலது காலை மட்டும் வெறுங்காலாக நீட்டிக்கொண்டு, கைகளை முழங்கால்மேல் வைத்திருந்தார். இடது ஆள்காட்டி விரலில் மைக்கோடு. சாமியார் குனிந்து செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றியதும் மனிதர் கூச்சத்தில் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பேதுருவே முதலில் வேண்டாம் என்றவர்தானே.

கிறிஸ்தவ விடுதலையைப் பற்றி எல்லாச் சபைகளின் போதனையையும் தொகுத்து எழுதித் தரும்படி இந்த மலரின் குழுவினர் கேட்டபோது எனக்கு அந்தக் காலும் அந்த விரலும்தான் ஞாபகத்துக்கு வந்தன. சபைகள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் விடுதலை, ஊழியம் செய்யக் குனிகிறவனின் விடுதலை. அரசியல் சாசனம் தந்த விடுதலையின் அடையாளம் விரலில் இருக்கும் மை. இரண்டும் ஒன்றுதானா?

நம் வேதாகமத் தமிழிலிருந்தே தொடங்கலாம். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் முடிந்த மொழிபெயர்ப்பில், பவுல் கலாத்தியருக்கு எழுதும் விடுதலைக்குச் ‘சுயாதீனம்’ என்று பெயர். ‘சுதந்தரம்’ என்ற சொல்லும் அதே புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆனால் அதற்குப் பொருள் வேறு. அது பிதாக்களிடமிருந்து பிள்ளைக்கு வரும் சொத்து, பாகப் பிரிவினையில் விழும் பங்கு. சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வது இந்தப் பொருளில்தான். வாரிசுக்குச் ‘சுதந்தரவாளி’ என்று பெயர். இது மிஷனரிகள் உண்டாக்கிய வழக்கும் அல்ல. மிராசு காலத்துக் கிராமக் கணக்குகளில், களத்துமேட்டில் நெல் அளக்கும்போது இன்னாருக்கு இவ்வளவு என்று பரம்பரையாக ஒதுக்கும் பங்குக்கும் சுதந்திரம் என்றே பெயர். 1947 ஆகஸ்டுக்குப் பிறகு பிறந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இந்தச் சொல்லில் குழம்பாமல் வளர்ந்தது ஆச்சரியம்தான். நான் குழம்பினேன். இஸ்ரவேலருக்குக் கானானில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் உட்கார்ந்தால் இதைத் தமிழில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட முடியாது. ஒரே தெருவில் மூன்று வேதாகமம் இருக்கும் ஊர். தெலுங்கு வேதாகமம் விடுதலைக்கும் வாரிசுரிமைக்கும் ‘ஸ்வதந்த்ர’ என்ற ஒரே வேரை வைத்துச் சமாளிக்கிறது. கன்னடம் பிரித்துவிடுகிறது: சாந்தகுணமுள்ளவர்கள் அங்கே பூமிக்குப் ‘பாத்யர்’, கிறிஸ்து செய்தது ‘பிடுகடெ’, அதாவது நம் விடுதலை. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘உரிமை வாழ்வு’ என்றும் ‘உரிமைச் சொத்தாக்கிக் கொள்வர்’ என்றும் இரண்டையும் ‘உரிமை’க்குள் கொண்டுவந்துவிட்டது. பழைய மொழிபெயர்ப்பின் பிரிவினைதான் எனக்குப் பயன்படுகிறது. சபைகள் பேசியதெல்லாம் பெரும்பாலும் சுயாதீனத்தைப் பற்றி. ஓட்டு என்பதோ சுதந்தரத்தின் இனம். ஊர்ச் சொத்தில் நமக்கு விழுந்த பங்கு.

சுயாதீனம் என்றால் தன் ஆதீனத்தில் தான் இருப்பது. சொல்லப்போனால் எந்தச் சபையும் அப்படிப் போதிக்கவில்லை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகுஸ்தீனார் இதையோ அதையோ தெரிந்தெடுக்கும் திறனை ஒரு பக்கமும், உண்மையான விடுதலையை இன்னொரு பக்கமும் வைத்தார். பாவம் செய்யவே முடியாத நிலைதான் அவருக்கு விடுதலையின் உச்சம். அந்த அளவுகோலில், பட்டியலைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துவது வெறும் தெரிந்தெடுப்பு. நோட்டாவை அழுத்தினாலும் அப்படியே.

லுத்தரிடம் வரும்போது நம் மாவட்டமும் கதைக்குள் வந்துவிடுகிறது. கிறிஸ்தவனின் விடுதலையைப் பற்றி 1520-இல் அவர் எழுதிய சிறு நூலின் சாரம், விசுவாசத்தால் கிறிஸ்தவன் யாருக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல, அன்பினால் எல்லோருக்கும் ஊழியன் என்பது. மறுவருடம் வொர்ம்ஸ் பேரரசு மன்றத்தில், தன் மனசாட்சி தேவவசனத்துக்குச் சிறைப்பட்டது என்று நின்றார். 1525-இல் ஜெர்மானிய விவசாயிகள், கிறிஸ்து எங்களையும் இரத்தத்தால் மீட்டாரே, நாங்கள் ஏன் பண்ணையடிமைகளாக இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொண்டுவந்தார்கள். லுத்தர், ஆவிக்குரிய விடுதலையை மாம்சத்துக்குரியதாக ஆக்கிவிட்டீர்கள் என்று கடிந்துகொண்டார். பிறகு அவர்களை அடக்கச் சொல்லி அவர் எழுதியதை எந்த லுத்தரன் சபையும் விழாநாளில் வாசிப்பதில்லை. என் அம்மா வழி லுத்தரன் என்பதால் இதை நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த விடுதலை கிருஷ்ணகிரிக்கு வந்த விதம் சுவையானது. தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் இருவரும் லைப்சிக் மிஷனில் இருந்தவர்கள். வேதாகமம் பிழையற்றது என்ற விஷயத்தில் மிஷனோடு முரண்பட்டு, மனசாட்சிக்கு ஒவ்வாது என்று விலகினார்கள். அமெரிக்காவின் மிசௌரி சினட் அவர்களை ஏற்றுக்கொண்டு திரும்ப அனுப்ப, 1895-இல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கியது. பர்கூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பரவி, பின்னாளில் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனது. நேத்தர் 1904-இல் பிளேக் நோயில் இறந்தார். தான் நம்பியதற்காக வேலையை விட்ட ஒருவரால் இந்த மண்ணில் லுத்தரன் சபை முளைத்தது. அவர் கேட்டது யாரையும் தெரிந்தெடுக்கும் உரிமையை அல்ல, ஒரே ஒன்றுக்குக் கட்டுப்பட்டு நிற்க இடம்.

ஆனால் ஓட்டுப்பெட்டி சபைக்குள் நுழைந்ததும் புராட்டஸ்டண்ட் சபைகள் வழியாகத்தான். கமிட்டித் தேர்தல், சினட் தேர்தல், செயலர், பொருளாளர் என்று வருஷம் முழுக்க ஓட்டு. ஜனநாயகத்தின் நாற்றங்கால் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஓட்டுக்குப் பிரியாணி, தோற்றவர் நீதிமன்றம் என்பதும் அந்த நாற்றங்காலிலேயே உண்டு. இந்த மலரின் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

ரோமின் பாதை நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. போப்பின் ஆட்சிப்பகுதிகளைப் புதிய இத்தாலிய அரசு எடுத்துக்கொண்ட தகராறில், நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுவது தகாது என்று 1868-இல் இத்தாலியக் கத்தோலிக்கருக்குச் சொல்லப்பட்டது. அது முழுதாக நீங்க 1919 வரை ஆனது. 1965 டிசம்பர் 7-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதச் சுதந்திரத்தை மனித மாண்பின் மேல் நிறுத்தியது. 1992-இல் வந்த மறைக்கல்வி நூலில் ஓட்டுப் போடுவது வரி கட்டுவதோடு சேர்ந்து ஒழுக்கக் கடமை ஆகிவிட்டது. பாதம் கழுவ உட்கார்ந்தவருக்கு மறைமாவட்டத் தேர்தல் என்று ஒன்று கிடையாது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தின் ஆயரை ரோமில்தான் நியமிக்கிறார்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளில் விடுதலை வேறு ருசி. சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை ஹால்களிலும் தகரக் கொட்டகைகளிலும் ஞாயிறு காலையில் கேட்டால் தெரியும்: குடியிலிருந்து விடுதலை, கடனிலிருந்து விடுதலை, பிசாசின் பிடியிலிருந்து விடுதலை. நம் குடியுரிமை பரலோகத்தில் என்பதால் தேர்தலைப் பற்றிப் பேச்சே எடுக்காத போதகர்கள் உண்டு. படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறோம். கணவனின் சம்பளம் வீடு வந்து சேர வேண்டும் என்று உபவாசமிருக்கும் பெண்ணுக்கு அது அரசியலைவிடப் பெரிய விடுதலை. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் சட்டப்படி மதுக்கடை மூடியிருக்கும். அவள் வருஷம் முழுக்கக் கேட்கும் ஜெபத்துக்குத் தேர்தல் ஆணையம் இரண்டு நாள் பதில் தருகிறது.

இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு குரல் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. பெங்களூரிலிருந்து எழுதிவந்த எம். எம். தாமஸ், நெருக்கடி நிலையின்போது பல சபைத் தலைவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க, அதை எதிர்த்து எழுதினார். அதே நகரின் ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981-இல் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் கிளம்பியது. யாருடைய விடுதலை என்று கேட்காமல் விடுதலையைப் பேச முடியாது என்பது அதன் அடிப்படை. விவசாயிகள் லுத்தரிடம் கேட்டதுதான். இங்கே கேட்டவர்கள் இறையியல் ஆசிரியர்களாகவே இருந்தார்கள்.

இனி சுதந்தரத்துக்கு, அதாவது பங்குக்கு வருகிறேன். அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருந்தன. சேலத்தில் 1876-இல் பிறந்த கே. டி. பால், ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்திய தேசியப் பொதுச் செயலர். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்பது அவர் நிலை. 1931-இல் ஏ. டி. பன்னீர்செல்வம் தனித் தொகுதி கேட்ட சிறுபான்மையினர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். இரண்டு பேரும் நல்ல கிறிஸ்தவர்கள், இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது. கடைசியில் அரசியல் நிர்ணய சபையில், லொயோலா கல்லூரியின் ஜெரோம் டிசோசா சாமியார் உள்ளிட்ட கிறிஸ்தவ உறுப்பினர்கள் ஒதுக்கீட்டுத் தொகுதி வேண்டாம் என்ற பக்கம் நின்றார்கள். அதைப் பெருந்தன்மை என்று மேடைகளில் புகழ்வது நம் வழக்கம்.

அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுத்தவர்கள் மேடையில் இல்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும் என்றானது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர் வழக்குப் போட்டு 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஊத்தங்கரை தனித் தொகுதி. அங்கே ஒரு தலித் கிறிஸ்தவர் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. அவருடைய பெரியப்பா மகன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை என்றால் நிற்கலாம். ஒரே தெரு, ஒரே தீண்டாமை. சுயாதீனத்தைப் பெற்றுக்கொண்ட தண்ணீரிலேயே சுதந்தரத்தில் பாதி கரைந்துவிட்டது.

ஓட்டும் நிற்பதும் இயற்கை உரிமைகளா என்றால் அதுவும் இல்லை. இதைத் தீர்த்த வழக்கும் பழைய சேலம் மாவட்டத்து வழக்கு. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி 1952-இல் உச்ச நீதிமன்றம் போனார். இவை சட்டம் தந்த உரிமைகள், சட்டம் வைக்கும் நிபந்தனைக்கு உட்பட்டவை என்று தீர்ப்பு வந்தது. தகப்பன் எழுதும் உயிலைப்போல.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம் எல்லோருக்கும் தெரியும். ஆகாப் ராஜா நல்ல விலையோ மாற்று நிலமோ தருகிறேன் என்கிறான். நாபோத் பிதாக்களின் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்கிறான், அதே சொல். உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கத்து விவசாயிகள் 5-ஆவது சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்து 2023-இல் உட்கார்ந்து போராடியபோது எனக்கு அந்த அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. சபைகளிலிருந்து பெரிதாகச் சத்தம் வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் சிப்காட்டில் வேலை பார்க்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். என்னுடைய மௌனத்துக்கும் காரணம் அதுவே.

இப்போது ஓசூர்ப் பகுதியில் இந்தியிலும் ஜெபக் கூட்டம் நடக்கிறது. மின்னணு ஆலைகளுக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள், இருபது வயதைச் சுற்றி. பலர் முண்டா, ஒராவோன். கம்பெனி பஸ்ஸில் வந்து, கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். ராஞ்சிக்குக் காஸ்னர் மிஷனின் லுத்தரன் மிஷனரிகள் 1845-இல் போனார்கள். அவர்களிடம் சேர்ந்த முண்டாக்களில் பலருக்குச் சுவிசேஷத்தோடு சேர்ந்தே கேட்டது நிலத்தின் பேச்சு. ஜமீன்தார்கள் பிடுங்கிய மூதாதையர் நிலம் திரும்பும் என்ற நம்பிக்கை. 1908-இன் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்துக்குப் பின்னால் அந்த நெடிய போராட்டம் இருக்கிறது. பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை இல்லை. ஆகவே இந்தப் பெண்கள் உரிய வயது வந்ததும் தங்கள் ஊரில் தனித் தொகுதியில் நிற்கவும் உரிமையுள்ளவர்கள். ஊத்தங்கரைக்காரருக்கு இல்லாதது அவர்களுக்கு உண்டு.

அவர்களில் ஒரு பெண்ணிடம், 2024 நவம்பரில் உங்கள் மாநிலத்தில் தேர்தல் நடந்ததே, போனாயா என்று கேட்டேன். போக மூன்று நாள், வர மூன்று நாள், ஓட்டுக்கு ஒரு நாள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். அத்தனை நாள் லீவு எடுத்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். இங்கே பேரைச் சேர்க்கலாமே என்றேன். ஹாஸ்டல் முகவரிக்கு என்ன தாள் காட்டுவது என்று திருப்பிக் கேட்டாள். எண்ணிய விரல்களில் மை இல்லை. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். லைனில் கையுறை கிழியாமல் இருப்பதற்காம்.