எம்.எஸ். புளூ

1961இல் வந்த 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் அணிந்த கறுப்பு கவுனை வடிவமைத்தவர் ஜிவான்ஷி. ஊர் உலகமெல்லாம் அதை நகலெடுத்தது. அந்தக் காலத்தில் நம் சபாக்களில் பாட்டுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியாவது எம்.எஸ். சுப்புலட்சுமியின் புடவைக்கும் போயிருக்கும். இரு மூக்கிலும் வைரம், கொண்டையில் பூ, மேனியில் காஞ்சிப் பட்டு. 'எம்.எஸ். புளூ' என்ற நீலத்தை அவருக்காக நெய்து தந்தவர் காஞ்சிபுரம் முத்து செட்டியார். ஜிவான்ஷி கவுனில் வடிவமைத்தவர் பெயர் நிலைத்தது. இங்கே கட்டியவர் பெயரே நிறத்துக்கு ஆகிவிட்டது.

ஹெப்பர்ன் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த கவுன் அவருடைய ஒடிசலான உடம்புக்கென்று வெட்டியது. புடவையில் கத்தரிக்கு வேலையே கிடையாது. பாட்டி கட்டியதைப் பேத்தியும் கட்டலாம்.

அசல் காஞ்சிப் பட்டின் கரையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் கோர்வை: உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அதற்கென்றே தறியில் நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். கரை விளிம்பில் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்குகிறதே, அதுதான் ரேக்கு.

இன்றும் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைகளில் எம்.எஸ். புளூ கேட்டால் நாலைந்து நீலத்தை விரித்துப்போட்டு, எல்லாமே அதுதான் என்பார்கள். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்து வாங்குங்கள்; டியூப் லைட் வெளிச்சத்தில் நீலத்தை நம்ப முடியாது.