மீன்களைக் கொன்றது வெயில்தானா?

கோடை வந்தால் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன, துர்நாற்றத்தால் மக்கள் அவதி, அதிகாரிகள் ஆய்வு. கடைசி வரியும் பெரும்பாலும் ஒன்றுதான்: வெயில் அதிகமானதால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து மீன்கள் இறந்திருக்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும், திண்டிவனத்துக்கும் பொருந்தும், விழுப்புரத்துக்கும் பொருந்தும். அந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை. அது பொய் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயத்தில் சின்னப் பாதி அது.

வரவை முதலில் பார்ப்போம். காற்றோடு கலந்து நிற்கும் சுத்தமான நன்னீரில் 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 35 டிகிரியில் சுமார் 6.9. பத்து டிகிரி ஏறியும் குறைந்தது 16 சதவீதம்தான். மீன்வளத்துக்கு ஏற்ற நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 4 மில்லிகிராம். அக்னி நட்சத்திரத்தில் ஏரித் தண்ணீர் 35 டிகிரி ஆனாலும், சுத்தமாக இருந்தால் அந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்கும். அப்போ மீதி ஆக்ஸிஜன் எங்கே போச்சு?

செலவுப் பக்கத்தில் தேடணும். மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக எதுவும் கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. பத்து டிகிரி ஏறினால், சும்மா நிற்கும் மீனுக்கே ஆக்ஸிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. மெல்ல மெல்லச் சூட்டுக்குப் பழகிய மீனில் இந்த ஏற்றம் கொஞ்சம் குறையும், இனத்துக்கு இனம் மாறவும் செய்யும். இருந்தாலும் தோராயக் கணக்குக்கு இரண்டு மடங்கு சரியான எண். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சர்வர் கெபாசிட்டி 16 சதவீதம் குறைந்தது, லோடு டபுள் ஆனது. லாக் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். நெருக்கடியில் ஐந்தில் நான்கு பங்கு செலவு ஏறியதால் வருகிறது. வரவு குறைந்ததன் பங்கு ஒன்றே ஒன்று.

அந்த ஒரு பங்குகூட சந்தேகத்துக்குரியது என்பவர்கள் இருக்கிறார்கள். செவுளுக்குள் ஆக்ஸிஜன் நுழைவதற்கு மில்லிகிராம் மட்டும் போதாது, அழுத்த வேறுபாடும் வேண்டும். தண்ணீர் சூடானாலும் காற்றோடு சமநிலையில் இருக்கும்வரை அந்த அழுத்தம் பெரிதாக இறங்குவதில்லை. வாயு பரவும் வேகமோ கூடுகிறது. வில்கோ வெர்பெர்க்கும் கூட்டாளிகளும் 2011இல் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, வெதுவெதுப்பான நீரில் கிடைக்கும் ஆக்ஸிஜன் உண்மையில் கூடுகிறது, தேவை அதைவிட வேகமாகக் கூடுவதால்தான் சிக்கல் என்று வாதிட்டார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது. பாடப்புத்தகத்து ஒற்றை வரியைவிட இதில் சரக்கு அதிகம்.

ஏரியில் மூச்சு விடுவது மீன் மட்டுமா? பாசியும் பாக்டீரியாவும் விடுகின்றன, அவற்றுக்கும் அதே இரட்டிப்பு விதிதான். இதற்கு ஆதாரம் நம் ஊர் ஆய்வகத்திலேயே இருக்கிறது. கழிவுநீர் எவ்வளவு ஆக்ஸிஜனைத் தின்னும் என்று பார்க்கும் பிஓடி சோதனையைப் பல நாடுகளில் 20 டிகிரியில் 5 நாள் செய்கிறார்கள். இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள். ஏழு டிகிரிக்கு வேகம் 1.62 மடங்கு என்று இரட்டிப்பு விதி சொல்கிறது. ஐந்தை 1.62ஆல் வகுத்துப் பாருங்க, 3.1 வரும்!

ஆக, சாக்கடை கலந்த ஏரியில் வெயில் தனியாக வேலை செய்வதில்லை, சாக்கடையின் பசியைப் பெருக்கிவிடுகிறது. பகலில் பாசி ஆக்ஸிஜனைத் தயாரித்துச் சமாளிக்கும். ராத்திரி தயாரிப்பு நின்றுவிடும், செலவு நிற்காது. அதனால்தான் மீன்கள் வெயில் உச்சியில் இருக்கும் மதியம் மூன்று மணிக்குச் சாகாமல் விடியற்காலையில் வாய் பிளந்து மேலே வருகின்றன. வெயில் மட்டுமே கொலையாளி என்றால் இந்த நேரம் இடிக்கிறது. இறால் பண்ணைக்காரர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. குளத்தில் ஏரேட்டரை ராத்திரியில்தான் அதிகமாக ஓட்டுவார்கள்.

பெங்களூரு அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்தபோது வெயில், கழிவுநீர் இரண்டும் பேசப்பட்டன. வெயிலை யாரும் அபராதம் போட்டு நிறுத்த முடியாது, கழிவுநீர்க் குழாயை அடைக்க முடியும். "வெயில்தான்" என்று எழுதி முடிக்கும்போது அந்தக் குழாய் செய்தியிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. இதுதான் என் முக்கியமான புகார்.

எந்த மீன் செத்தது என்றும் செய்தியில் இருப்பதில்லை. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும், கட்லாவாலும் ரோகுவாலும் அது முடியாது. கட்லா செத்து விரால் பிழைத்திருந்தால் ஆக்ஸிஜன் பஞ்சம் என்று ஊகிக்கலாம். விராலும் சேர்ந்து மிதந்தால் விஷத்தையும் சந்தேகப்படணும். கரையில் நிற்கும் மீன்காரரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

கிடங்கல் ஏரியோ வீடூர் அணையோ, அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் நான் தேடப்போவது மூன்றை: காலை ஐந்து மணிக்கு எடுத்த ஆக்ஸிஜன் அளவு, அன்றைய பிஓடி, செத்த மீன்களின் பெயர். அதிகபட்ச வெப்பநிலை வேண்டாம், அது டிவியிலேயே ஓடுகிறது.