கம்மியாக விற்கக் காசு

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கடைக்குப் போய்ப் பெரிய டம்ளர் கேட்கிறீர்கள். கடைக்காரர், 'சின்ன டம்ளரே போதும்ணே... பத்து ரூபா நான் தர்றேன்' என்கிறார். மதுரை வெயில் மனுஷரைப் படுத்திவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்?

அமெரிக்காவில் பல மின்சாரக் கம்பெனிகள் இந்த வியாபாரத்தைத்தான் பல வருஷமாகச் செய்கின்றன. ஓர் ஆஸ்பத்திரி, கரண்ட்டைக் குடிக்கும் பழைய ஏ.சி. பிளான்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிக்கனமான புதியதை வைத்தால், விலையில் ஒரு பங்கைக் கரண்ட் விற்கும் கம்பெனியே தருகிறது. விளக்கு, மோட்டார், பம்ப் எல்லாவற்றுக்கும் இப்படித் தள்ளுபடிப் பட்டியல் உண்டு.

தர்மம் இல்லை, கணக்கு. புதிதாக மின்நிலையம் கட்டி ஒரு மெகாவாட் தயாரிப்பதைவிட, இருக்கிற வாடிக்கையாளரிடம் ஒரு மெகாவாட் மிச்சம் பிடிப்பது பல சமயம் மலிவு. இப்படி மிச்சமாகும் மின்சாரத்துக்கு 'நெகாவாட்' என்று ஒரு பெயரை 1980களில் அமோரி லோவின்ஸ் என்பவர் பிரபலப்படுத்தினார்.

சரி, விற்பனை குறைந்தால் கம்பெனியின் பிழைப்பு? கலிபோர்னியா 1982-ல் இதற்கு ஒரு வழி செய்தது. கம்பெனிக்கு வருஷத்துக்கு இவ்வளவு வருமானம் நியாயம் என்று ஆணையமே தீர்மானித்துவிடும். விற்பனை குறைந்து வருமானம் இறங்கினால், பிறகு கட்டணத்தில் ஈடு செய்துகொள்ளலாம். கூடுதலாக வந்துவிட்டால் திருப்பித் தர வேண்டும். ஆக, அதிகம் விற்றால்தான் சோறு என்ற முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். மதுரை கே.கே. நகரில் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி, சின்ன ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர், லேப். வாசலில் ஆட்டோ, பக்கவாட்டில் தகரக் கூண்டுக்குள் ஜெனரேட்டர். கடைக்கு ஷட்டர் உண்டு, ஆபீசுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. ஆஸ்பத்திரிக்கு இரண்டும் கிடையாது. அதனால் அங்கே மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு வாட்டும் 24 மணி நேரம் வேலை செய்யும்.

மிச்சம் பிடிக்க ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30 வாட் சுமாருக்குத் தருகிறது. ஆபரேஷன் தியேட்டரில் காற்றை ஒரு மணிக்கு 20 தடவைகூட மாற்ற வேண்டியிருக்கும், நோயாளி உள்ளே இருக்கும்போது அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் ராத்திரி பூட்டிக் கிடக்கும் தியேட்டருக்கும் அதே வேகத்தில் எதற்கு? காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினால், அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். இது இயற்பியல் தரும் தள்ளுபடி. யாரிடமும் மனு போட வேண்டாம்.

பிறகு ஏன் செய்வதில்லை? ஒரு நர்சிங் ஹோம் எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன்.

'செஞ்சோம் சார். ஏ.சி. எல்லாம் மாத்துனோம், லைட்டு மாத்துனோம். யூனிட்டு நல்லாவே குறைஞ்சிருச்சு. ஆனா டிமாண்ட் சார்ஜு மட்டும் ரொம்ப எறங்க மாட்டேங்குது. மொதலாளி என்னையவே மொறைக்கிறாரு.'

முறைப்பதில் நியாயம் இருக்கிறது. உயர் அழுத்த இணைப்பில் யூனிட் காசு தவிர, 'இவ்வளவு கே.வி.ஏ. எனக்காகத் தயாராக வைத்திரு' என்பதற்கும் மாதாமாதம் காசு உண்டு. 2022 செப்டம்பரில் இது கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி, நீங்கள் எவ்வளவு குறைவாக இழுத்தாலும் ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். 200 கே.வி.ஏ. வாங்கிய ஆஸ்பத்திரி கஷ்டப்பட்டு 150-க்கு இறக்கினாலும் 180-க்குத்தான் பில். 550 ரூபாய்க் கணக்கிலேயே மாதம் 16,500 ரூபாய், சும்மா. ஒப்பந்தத்தைக் குறைத்துக்கொள்ள மனு போடலாம்தான். நாளைக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கினால் மறுபடி மனு, மறுபடி கட்டணம். எதற்கு வம்பு என்று விட்டுவிடுகிறார்கள்.

பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம். இதில் தவறில்லை. ஆனால் மகாராஷ்டிரத்தில் 2010களில் பவர் ஃபேக்டரை ஒன்றுக்குக் கொண்டுபோனவர்களுக்கு பில்லில் 7 சதவீதம் வரை தள்ளுபடி தந்தார்கள். பிரம்பு எல்லா ஊரிலும் உண்டு. மிட்டாய்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-லேயே வந்தது. ஃபிரிட்ஜுக்குப் போல ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கும் நட்சத்திரம் ஒட்டும் திட்டம் மத்திய அரசிடம் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், வாடிக்கையாளர் பக்கத்தில் தேவையைக் குறைப்பதற்கென்றே 2013-ல் விதிமுறைகள் போட்டது. டெல்லியில் தனியார் மின்விநியோகக் கம்பெனி ஒன்று, பழைய ஏ.சி.யைக் கொடுத்தால் சிக்கனமான புதியதைப் பெரிய தள்ளுபடியில் வீட்டுக்கே அனுப்பியது. இங்கே விதிமுறை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

மின்வாரியத்தின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. 2024-ல் அதை உடைத்து, பகிர்மானக் கழகம் என்று புதுப் பெயர் வைத்தார்கள். கடன் பழையதுதான். விவசாயத்துக்கு இலவசம், வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்தப் பள்ளத்தை நிரப்பும் மண்ணில் ஒரு பங்கு, வணிகக் கட்டணம் கட்டுபவர்களிடமிருந்து வருகிறது. தனியார் ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில், நகைக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. லாபம் தருகிற வாடிக்கையாளரைப் பார்த்து, 'கம்மியாக வாங்கு' என்று யார் சொல்வார்கள்?

ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. எல்லா மணி நேரத்து மின்சாரமும் ஒரே விலை இல்லை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடையில் சூரியன் இறங்கிய பிறகு வாரியம் சந்தையில் வாங்கும் மின்சாரம், யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பையே தொட்டுவிடுவது உண்டு. அந்த நேரத்தில், விற்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் லாபம் கரைகிறது. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை ஓர் ஆஸ்பத்திரி 50 கிலோவாட் குறைத்துக்கொண்டால், அதற்கு ஒரு பங்கு கொடுப்பது வாரியத்துக்கு நஷ்டமில்லை.

'கொழுத்த ஆஸ்பத்திரிகளுக்கு மக்கள் பணமா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதனால்தான் மெஷினின் விலைக்குக் காசு தரக் கூடாது, மீட்டரில் தெரிகிற மிச்சத்துக்கு மட்டும் தர வேண்டும் என்கிறேன். முதல் வரிசையில் சின்ன நர்சிங் ஹோம்களும் அரசு ஆஸ்பத்திரிகளும் நிற்கட்டும்.

சிக்கனம் என்றால் சிகிச்சையில் கை வைப்பது என்று அர்த்தமில்லை. கே.கே. நகரை ஒட்டிய அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அரவிந்தில் ஒரு கண்புரை ஆபரேஷனால் காற்றில் சேரும் கரியமில வாயு, பிரிட்டனில் அதே ஆபரேஷனால் சேர்வதில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் என்று 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. காரணம் கரண்ட் மட்டுமில்லை. பொருட்களைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவதும், வேலையை மளமளவென்று முடிப்பதும்தான் பெரிய காரணங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் பாடத்துக்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

இதே மதுரையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2019 மே 7 மாலை, காற்றும் மழையும். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மின்சாரம் போனது. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் இறந்தார்கள். ஜெனரேட்டர் ஓடவில்லை, அதனால்தான் உயிர் போனது என்றார்கள் உறவினர்கள். அவர்கள் ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள், மின்தடை காரணமில்லை என்றது நிர்வாகம். அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. சிக்கனமான ஃபேன் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வதும் அபத்தம். ஒன்று மட்டும் சொல்லலாம். சுமை பாதியானால் அதே பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்கும். ஆஸ்பத்திரியில் மின்சிக்கனம் பில் சமாச்சாரம் மட்டுமில்லை. இருட்டில் அது மூச்சு சமாச்சாரம்.

ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் மிச்சம் பிடித்தால் யாருக்கு என்ன கிடைக்கும்? பில் கட்டுவது அரசு. ஒயரிங் பார்ப்பது பொதுப்பணித்துறை. மிச்சமான பணம் கஜானாவிலேயே தங்கிவிடும். டீனுக்கு ஒரு நாற்காலிகூட வராது. மிச்சம் பிடித்ததில் பாதியை அந்த ஆஸ்பத்திரியே வைத்துக்கொண்டு பேட்டரியும் ஜெனரேட்டரும் பராமரிக்கலாம் என்று ஓர் அரசாணை போடட்டும். மின்வாரியம் அந்த 90 சதவீத விதியை, சேமித்துக் காட்டும் ஆஸ்பத்திரிகளுக்காவது தளர்த்தட்டும்.

இரண்டுக்கும் புதுப் பணம் வேண்டாம். இரண்டு கையெழுத்து போதும்.