செத்தபின் விழிக்கும் சட்டம்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக் கடைத்தெரு சிரிக்கும். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பழக்கடைக்காரரும் எண்ணெய்க்கடைக்காரரும் பருவத்திற்கு முன்பே தண்டலுக்குப் பணம் வாங்குகின்றனர். சாரல் பொய்த்தால் அருவி வறளும். தண்டல்காரர் வருகை வறளுமா? நம்மிடம் பயிலும் பிள்ளைகளின் தாய்மார், பீடி சுற்றிய கூலியில் வாரத் தவணையை எடுத்துவைத்த பிறகே அரிசிக்குக் காசை எண்ணுகின்றனர். கேட்டால், "தலைவிதி" என்பர்.

விதிதான், தோழர்களே! ஆனால் அது தலையில் எழுதியதன்று, தாளில் எழுதியது. தாளில் உள்ளதைப் படிக்கலாம். பழுது கண்டால் திருத்தலாம்.

எனவே, 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தை, ஓர் ஏட்டைத் திறனாய்வதுபோல் படித்தோம். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று மக்கள் வழங்கும் பெயராலேயே நோயைச் சுட்டியிருப்பதைப் பாராட்டுகிறோம். 3 ஆண்டு வரை சிறை. 30,000 ரூபாய் வரை தண்டம். நன்று. அதன் 9ஆம் பிரிவோ, கடனாளி தொல்லைக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டால், கடன் கொடுத்தவரே அதற்குத் தூண்டியவர் எனக் கொள்ளப்படும் என்கிறது. மறுப்பவர் அவரே மெய்ப்பிக்க வேண்டும்.

சீரிய பிரிவுதான். ஆனால் அது விழிப்பது எப்போது? கடனாளி செத்தபின்! உயிரோடு இருப்பவரின் கையில் என்ன சான்று உண்டு? வட்டி வீதம் எத்தாளிலும் இல்லை. வெற்றுத்தாளில் அவர் இட்ட கையெழுத்தோ கொடுத்தவர் பெட்டியில் இருக்கிறது. 2017 அக்டோபர் 23ஆம் நாள், தென்காசிப் பகுதிச் சிற்றூரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் நால்வர், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்கு இரையாயினர். சட்டம் பிறந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன!

2007இல், ஹார்வர்டு பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியராயிருந்த எலிசபெத் வாரன் ஒரு கட்டுரையில் கேட்டார்: தீப்பற்றும் மின்கருவியை விற்கவிடாத அரசு, குடும்பத்தைக் கெடுக்கும் கடனை மட்டும் ஏன் விற்கவிடுகிறது? கடனும் ஒரு சரக்கு. சந்தைக்கு வருமுன் அதைச் சோதிக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2010இல் அமெரிக்காவில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் அமைய அக்கருத்து வழிகோலியது.

இங்கே நிலை என்ன? ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை, ஒரு வீட்டின் கடன் தவணைகள் மாத வருவாயில் பாதியைத் தாண்டக்கூடாது என்றது; இது சரக்கைச் சோதிக்கும் முறையே. ஆனால் அதே நெறிமுறை நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை நீக்கிவிட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதன்றோ இது? 2025இல் தமிழக அரசு இயற்றிய சட்டம் வன்முறை வசூலைத் தண்டிக்கிறது. வசூலிக்கும் முறையைக் கண்டிக்கிறதேயன்றி, கடனின் தன்மையைக் கேட்கவில்லை.

கட்டு இறுகினால் கடனே கிடைக்காது என்பர் சிலர். அது வெறும் மிரட்டலன்று. 2010இல் ஆந்திர அரசு நுண்கடனைக் கட்டுப்படுத்தியபோது, அங்கே அத்தொழில் முடங்கியது. எனவேதான், கட்டுப்பாட்டோடு கூட்டுறவுக் கடனும் வாயிற்படிக்கு வரவேண்டும் என்கிறோம்.

வாங்கியது எவ்வளவு, கட்டவேண்டிய மொத்தம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு கடன்தாளும் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லாத தாள் செல்லாத தாளாக வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு, கடனாளி வாழும்போதே கொடுத்தவர்மேல் விழவேண்டும். அதுவரை, படித்த இளைஞர்கள் மாலைதோறும் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அங்குள்ள தாயின் கடன்தாளை உரக்கப் படித்துக் காட்டட்டும். தலைவிதி என்ற சொல் அத்திண்ணையில்தான் முதலில் சாகும்.