காவல் தலைவன் கண்ட கனவு

துஆ ஏற்கப்பட்ட கதைகளுக்கு நம் சமூகத்தில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. ஜும்ஆ மேடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் அவை சொல்லப்பட்டு வருகின்றன. பெரும்பாலும் அவற்றின் அமைப்பு ஒன்றே. ஒருவர் இக்கட்டில் சிக்குகிறார், கையேந்துகிறார், முன்பின் அறியாத ஒருவர் எதிர்ப்படுகிறார், இக்கட்டு தீர்கிறது. கேட்போர் 'சுப்ஹானல்லாஹ்' என்கின்றனர். கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்த அந்நியர் யார், எந்த வேலையாக அவ்வழியே வந்தார், பிறகு என்னவானார் என்ற கேள்விகளைக் கதை சொல்பவர் எழுப்புவதில்லை. கேட்கும் நாமும் எழுப்புவதில்லை. இக்கேள்விகளை மனத்திற்கொண்டு, இவ்வகைக் கதைகளுள் பழம்புகழ் பெற்ற ஒன்றை இங்கு வாசித்துப் பார்க்க விழைகிறோம்.

பஸ்ராவில் பிறந்து, அப்பாஸியர் ஆட்சிப்பரப்பில் காழியாகப் பணியாற்றி, 994இல் மறைந்தவர் அல்-முஹஸ்ஸின் அத்-தனூகீ. 'அல்-ஃபரஜ் பஃதஷ் ஷித்தா' என்பது அவருடைய பெருநூல்களுள் ஒன்று. 'இடுக்கணுக்குப் பின் விடிவு' என அத்தலைப்பைத் தமிழில் தரலாம். இதே பெயரில் அவருக்கு முன்பே இப்னு அபித்துன்யா ஒரு சிறுநூல் தொகுத்திருந்தார். தனூகீயோ அதனை 14 இயல்களாக விரித்தெடுத்தார். இறைமறை கூறும் நபிமார் வரலாறுகளில் தொடங்கி, சிறைப்பட்டோர், பதவியிழந்தோர், கடனாளிகள், நோயாளிகள், காதலர் எனப் பலதரப்பட்ட மாந்தரின் கதைகளை அதில் அவர் திரட்டித் தந்துள்ளார். பதவியிழப்பையும் ஆட்சியாளரின் சினத்தையும் தாமே அனுபவித்தவர் என்பதால், நூலின் தலைப்பு அவருக்கு வெறும் இலக்கியப் பொருளாக இருந்திருக்க முடியாது.

கனவின் வழியே துயர் நீங்கியோருக்கென அவர் தனி இயலொன்றை ஒதுக்கியுள்ளார். நாம் எடுத்துக்கொண்ட கதை அவர் நூலில் இடம்பெறுவது. பாக்தாதில் ஒருவன் மரபுரிமையாகப் பெற்ற செல்வத்தை எல்லாம் இழந்து வறியவனாகிறான். உன் செல்வம் எகிப்தில் இருக்கிறது, அங்கே போ என்று கனவில் ஒரு குரல் ஒலிக்கிறது. அவன் நெடும்பயணம் மேற்கொண்டு எகிப்தை அடைகிறான். கையிருப்புக் கரைந்துவிடுகிறது. பகலில் இரந்து நிற்க நாணி இரவில் வெளியே வருகிறான். இரவுக் காவலரிடம் அகப்பட்டு அடிபடுகிறான். வலி பொறுக்காமல் தன் கனவைச் சொல்லிவிடுகிறான். அதைக் கேட்ட காவல் தலைவன் அவனுடைய அறியாமையை எள்ளுகிறான். தானும் நெடுநாளாக ஒரு கனவு காண்பதாகவும், பாக்தாதில் இன்ன தெருவில் இன்னார் வீட்டில் இலந்தை மரத்தடியில் புதையல் இருப்பதாக அது சொல்வதாகவும், அதை நம்பித் தான் ஓரடியும் எடுத்து வைத்ததில்லை என்றும் கூறுகிறான். அவன் சொன்ன தெரு இவனுடைய தெரு. அவன் சொன்ன வீடு இவனுடைய வீடு. இவன் ஊர் திரும்பிப் புதையலை எடுக்கிறான்.

மௌலானா ரூமி (மறைவு 1273) தம் மஸ்னவியின் ஆறாம் பாகத்தில் இக்கதையை எடுத்தாள்கிறார். ஆயிரத்தொரு இரவுகளிலும் 351ஆம் இரவையொட்டி இது வருகிறது. ஒரே கதை மூன்று இடங்களில் மூன்று விதமாக நிற்பதைக் காணலாம். தனூகீ நீதிபதிக்குரிய நிதானத்துடன், சொன்னவர் பெயரைச் சுட்டி, நடந்ததை மட்டும் சொல்லிச் செல்கிறார். ரூமி அதனை உட்புறமாகத் திருப்புகிறார். புதையல் நம் வீட்டிலேயே இருந்தும் வறுமையில் வாடுகிறோம் என்பதே அவருக்குக் கதையின் பொருள். அதனூடே, விசுவாசியின் துஆவுக்கு விடை தாமதமாவது ஏன் என்பதையும் அவர் ஆராய்கிறார். இனிய குரலுக்காகவே கிளியும் குயிலொத்த பறவைகளும் கூண்டில் வைக்கப்படுகின்றன; அடியானின் இறைஞ்சும் குரலை இறைவன் விரும்புவதால் விடையும் தாழ்கிறது என்பது அவர் தரும் விளக்கம். இவ்விளக்கத்தின் அழகை மறுப்பதற்கில்லை. எனினும், காத்திருந்து களைத்தவரிடம் சொல்வதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டிய விளக்கம் இது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆயிரத்தொரு இரவுகளின் வடிவம் கேளிக்கைக்காகச் சொல்லப்பட்டது என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. வேறிடங்களில் எளிதில் மறைந்துவிடும் ஒரு செய்தி அங்கே துலங்குகிறது. காவல் தலைவன் கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறான். சிரித்துவிட்டு, ஊர் போய்ச் சேர் என்று வழிச்செலவுக்குப் பணமும் தருகிறான். கனவை நம்பாத ஒருவன், கனவை நம்பிக் கெட்டவனுக்கு இரங்குகிறான். புதையல் இருக்குமிடத்தை அவன் தன்னை அறியாமல் சொன்னான். வழிச்செலவை மட்டும் அறிந்தே கொடுத்தான். இரண்டுமின்றிப் பாக்தாத்வாசி தன் வீட்டை அடைந்திருக்க இயலாது. இறைநாட்டம் மனிதனின் அறியாமையின் வழியாகவும் செயல்படுகிறது, அவன் விரும்பிச் செய்யும் சிறு ஈகையின் வழியாகவும் செயல்படுகிறது என்பதை இவ்வளவு எளிதாகச் சொல்ல வேறு வழியில்லை.

காவல் தலைவனை நம்பிக்கையற்றவன் எனக் குறை காண்பது எளிது. ஆயினும் அவன் தரப்பு நியாயமற்றது அன்று. நற்கனவுக்கு இஸ்லாத்தில் மதிப்புண்டு; என்றாலும் நபிமார் அல்லாதோரின் கனவு மார்க்கச் சட்டத்துக்கு ஆதாரமாகாது என்பதே அறிஞர்களின் நிலைப்பாடு. இருப்பதை விட்டுவிட்டுக் கனவின் பின்னால் ஓடாதவன் அவன். தன் கடமையைச் செய்ய இரவில் விழித்திருந்தவன். அந்தக் கடமைதான் அவனைப் பாக்தாத்வாசியின் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது. தான் ஒருவரின் துஆவுக்கு விடையாக அமைந்ததை அவன் கடைசிவரை அறியவில்லை. கதையும் அவனிடம் திரும்பி வருவதில்லை. நாம் நாள்தோறும் கேட்கும் கதைகளில் அந்நியர் ஒரு கருவியாகச் சுருங்கிவிடுகிறார். இக்கதையிலோ அவருக்கெனத் தனி வாழ்வும், தனிக் கனவும், தவறவிட்ட பேறும் உண்டு.

இவ்விடத்தில் திருமறையை நோக்கும்போது, இந்த நுட்பம் அங்கே இன்னும் ஆழமாக அமைந்திருப்பதைக் காண்கிறோம். மத்யன் நகரின் நீர்த்துறையில் நபி மூஸா (அலை) அவர்கள் நின்ற காட்சியைக் கருதலாம் (28:23-27). அவர்கள் ஊரைவிட்டுத் தப்பி வந்தவர்கள். அங்கு எவரையும் அறியாதவர்கள். ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு முதலில் நீர் புகட்டிவிட்டு, அதன் பிறகே நிழலில் அமர்ந்து இறைவனிடம் கேட்கிறார்கள். இன்னது வேண்டும் என்றுகூடக் குறிப்பிடவில்லை. நீ அருளும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்ற அளவில் அந்த துஆ நின்றுவிடுகிறது. விடை அப்பெண்களுள் ஒருவரின் நாணம் கலந்த நடையில் வந்து சேர்கிறது. அது இலவசமாகவும் வரவில்லை; எட்டு ஆண்டு உழைப்பு, விரும்பினால் பத்து ஆண்டு என்ற நிபந்தனையுடன் வருகிறது. பிறருக்கு முன்பின் அறியாதவராக நின்று உதவியவருக்கே முன்பின் அறியாதோரின் உதவி வாய்த்தது என்ற வரிசைமுறை கவனத்திற்குரியது.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு இதனினும் கடுமையானது. கிணற்றருகே வந்த வழிப்போக்கர் தண்ணீருக்காக வந்தவர்கள் (12:19-20). அவர்களுடைய வாளியால் நபியவர்கள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் மீண்டவுடன் சரக்காகக் கருதப்பட்டு, சில திர்ஹங்களுக்கு விற்கப்பட்டார்கள். பின்னர்ச் சிறையில், விடுதலையாகும் தோழனிடம் தம்மைப் பற்றி அரசனிடம் சொல்லுமாறு வேண்டினார்கள். அவன் மறந்துவிட்டான் (12:42). ஆண்டுகள் கழிந்தன. அரசன் கண்ட கனவு ஒன்றே அவனுடைய நினைவைத் தட்டி எழுப்பியது. இங்கும் ஒருவரின் விடுதலை மற்றொருவரின் கனவில் அடங்கியிருந்தது என்பது நம் கதையோடு ஒப்பு நோக்கத்தக்கது. விடையாக வருபவர் நல்லவராக இருப்பார் என்றோ, வாக்கை நினைவில் வைத்திருப்பார் என்றோ திருமறை நமக்கு உறுதி கூறவில்லை. தந்தை யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போனதையும் அது மறைக்கவில்லை (12:84). இடைப்பட்ட ஆண்டுகளின் பாரம் குறையாமல் சொல்லப்படுவதால்தான் முடிவில் வரும் விடிவு நம்பத்தக்கதாகிறது.

தனூகீயின் நூலுக்குள்ள எல்லையும் இங்கே புலனாகிறது. தலைப்பே சுட்டுவதுபோல, விடிவு கண்டவர்கள் மட்டுமே அதில் இடம்பெற முடியும். அதே சிறைகளில் விடிவு காணாமல் மாண்டவர்களின் துஆக்கள் எந்த இயலிலும் இல்லை. ஆறுதல் தருவதற்காகத் தொகுக்கப்பட்ட நூலில் இதைக் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறுதல் கதையைச் சட்டமாக்கும்போது அது கொடுமையாகிவிடுகிறது. நோயுற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், உருக்கமாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று பொருள்படப் பேசுவோரை நாம் கண்டிருக்கிறோம். அத்தகையோருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கூற்றே மறுப்பாக உள்ளது. பாவத்தையோ உறவு முறிவையோ வேண்டாத துஆ மூன்று விதங்களில் ஏற்கப்படுகிறது என முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. கேட்டது விரைவில் தரப்படலாம். மறுமைக்கெனச் சேர்த்து வைக்கப்படலாம். அதற்கு ஈடான ஒரு தீங்கு விலக்கப்படலாம். இவற்றுள் முதலாவதைப் பற்றி மட்டுமே மனிதனால் கதை சொல்ல இயலும். மற்ற இரண்டுக்கும் சாட்சி இல்லை. ஆகவே கதையும் இல்லை.

ஆகையால் இவ்வகைக் கதைகளை நாம் வாசிக்க வேண்டிய முறை சற்று மாற வேண்டும். பாக்தாத்வாசியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. காவல் தலைவனின் இடத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. உண்மையில் நம் வாழ்நாளில் பெரும்பகுதியும் அவ்விடத்திலேயே கழிகிறது. எங்கோ கையேந்திய ஒருவர், நாம் நம் வேலையாகச் செல்லும் வழியில் எதிர்ப்படுகிறார். அவர் என்ன கேட்டார், யாரிடம் கேட்டார் என்பதை நாம் அறிய வழியில்லை. உலகில் ஓர் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இரு என்று நபிகளார் (ஸல்) இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு வழங்கிய அறிவுரையைப் பற்றறுத்தல் என்னும் பொருளில் கொள்வது வழக்கம். பிறருடைய வழியில் எதிர்ப்படும் அந்நியனாக நாம் இருக்கிறோம் என்ற பொறுப்பையும் அதனுடன் சேர்த்து நினைவிற்கொள்வது தகும். காவல் தலைவன் கையில் தடியும் இருந்தது, பணமும் இருந்தது. முதலில் அவன் உயர்த்தியது தடியைத்தான்.